கூண்டுக்கு வெளியே உழைக்கும் பறவைகள்

பெருநாள் விருந்தோ, கல்யாண வீட்டுச் சாப்பாடோ, கோழி இல்லாமல் நமக்கு நிறைவதில்லை. அந்தக் கோழியின் விலைக்கும் பல்லடத்துக்கும் உள்ள தொடர்பு நம்மில் பலருக்குத் தெரியாது. விசைத்தறிக்குப் பெயர்பெற்ற இந்த ஊரில்தான் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு இயங்குகிறது. அது அறிவிக்கும் கொள்முதல் விலையைப் பார்த்தே வியாபாரம் நடக்கிறது.

சுற்றுவட்டாரத்தில் விவசாயிகள் பலர் ஒப்பந்த முறையில் கோழி வளர்க்கிறார்கள். நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தருகிறது. ஏறக்குறைய நாற்பது நாட்களில் வளர்ந்த கோழியை எடுத்துக்கொண்டு, எடைக்கு ஏற்ப வளர்ப்புக் கூலி கொடுக்கிறது. மழை பொய்த்து, கிணறு வற்றிய குடும்பங்களுக்கு இந்தக் கூலியே கைகொடுக்கிறது.

கோழி வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகிறது. தீவனத்தில் முக்கியமானது மக்காச்சோளம். 2018-இல் படைப்புழு தமிழகத்தில் புகுந்து மக்காச்சோளக் காடுகளை அழித்ததை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். சோளம் குறைந்தால் தீவன விலை ஏறும். தீவன விலை ஏறினால் பண்ணையும் தள்ளாடும், நம் சமையலறையும் தள்ளாடும்.

அந்தப் புழுக்களைக் கூலி வாங்காமல் பொறுக்கித் தின்பவை கரிச்சான், மைனா, கொக்கு போன்ற பறவைகள். வயலில் குச்சி நட்டுப் பறவைகள் உட்கார இடம் அமைக்கும்படி வேளாண் துறையினர் சொல்வது இதனால்தான். இரவில் எலி பிடிக்கும் வேலையைக் கூகை செய்கிறது. எல்லாப் பூச்சியையும் பறவைகளே ஒழித்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கண்மூடித்தனமாக விஷம் தெளித்தால் புழுவோடு, அதைத் தின்னும் பறவையும் போய்விடும்.

பறவை போனால் என்ன ஆகும் என்பதற்குக் கழுகு இனமான பிணந்தின்னிப் பாறு ஒரு பாடம். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கோடிக்கணக்கில் இருந்த இனம் சில ஆண்டுகளில் அழிவின் விளிம்புக்கு வந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் பிணங்கள் அழுகின, தெருநாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது. 2000 முதல் 2005 வரை இதனால் சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

நமக்குப் பக்கத்திலேயே நல்ல செய்தியும் உண்டு. திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமானது. 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் அங்கே இறங்குகின்றன. பிள்ளைகளை ஒருநாள் அழைத்துப் போய்க் காட்டலாம்.

நாம் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மொட்டைமாடியில் ஒரு சட்டித் தண்ணீர் வைப்போம். வயல் ஓரத்து மரத்தை வெட்டாமல் விடுவோம். கூகையைக் கெட்ட சகுனம் என்று கல்லெறிவதை நிறுத்துவோம். பண்ணைக் கோழிக்கு விலை உண்டு. வெளியில் உழைக்கும் பறவைக்கு யாரும் விலை போடுவதில்லை. அது இல்லாமல் போகும்போது அந்த விலையை நாம்தான் கொடுக்கிறோம்.