எஹலேபொல குடும்பம் மேடைக்கு வந்த கதை

மேடை கண்ட மலைநாடு – 9

சென்ற வாரம், லயங்களின் முன்னால் விடிய விடிய நடக்கும் பொன்னர் சங்கர் கூத்தைப் பார்த்தோம். அண்ணன்மார் இருவர், அவர்களுக்காகக் கதறும் தங்கை என்று அது முழுக்க ஒரு குடும்பத்தின் கதை. இந்த வாரமும் குடும்பக் கதைதான். ஆனால் இதில் வருகிறவர்கள் உண்மையாகவே வாழ்ந்தவர்கள்; மாத்தளையோடு வேர்த்தொடர்பு உள்ளவர்கள்.

கண்டி அரசின் அதிகாரமாக (அமைச்சராக) இருந்த எஹலேபொல நிலமேயின் பூர்வீகம் மாத்தளை. அவர் மனைவி குமாரிஹாமி, கெப்பெட்டிபொல திசாவையின் உடன்பிறந்தவர். 1814இல் சப்பிரகமுவையில் அரசனுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி தோற்றதும், எஹலேபொல ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். மனைவியும் பிள்ளைகளும் கண்டியில், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் பிடியில் இருந்தார்கள். அந்த மே மாதமே அவர்களுக்குக் கொலைத் தண்டனை. மூத்தவன் தாயைக் கட்டிக்கொண்டு நடுங்க, சின்னவன் மத்தும பண்டார தானே முன்னால் வந்து கழுத்தைக் கொடுத்தான். பிள்ளைகளின் தலைகளை உரலில் போட்டு இடிக்கும்படி தாயைக் கட்டாயப்படுத்தினார்கள். பிறகு அவளையும் நீரில் அமிழ்த்திக் கொன்றார்கள்.

இதை விரிவாக எழுதிவைத்தவர் ஜோன் டேவி என்ற ஆங்கில மருத்துவர். அவர் இலங்கைக்கு வந்தது 1816இல். நூல் வெளிவந்தது 1821இல். ஆகவே அவர் எழுதியது கண்ணால் கண்டதல்ல, கேட்டறிந்தது. நடுங்கும் அண்ணன், துணிந்த தம்பி, உலக்கை பிடித்த தாய் என்று காட்சி காட்சியாகச் சொல்லும் அந்த விவரிப்பில் அப்போதே ஒரு நாடகம் இருக்கிறது.

அது மேடைக்கு வர அதிக காலம் ஆகவில்லை. சிங்கள நாடகமவின் தந்தை எனப்படும் பிலிப்பு சிங்ஞோவின் பெயரில் சொல்லப்படும் ஆக்கங்களுள் ‘எஹலேபொல’வும் ஒன்று. நாடகம நம் கூத்தின் பிள்ளை. வட கரையோரத்துக் கத்தோலிக்கத் தமிழர் ஆடிய கூத்து, மேற்குக் கரையோரத்தில் சிங்களம் பேசத் தொடங்கியது. மத்தளம், பாட்டாலேயே நடக்கும் உரையாடல், ஒவ்வொரு பாத்திரமும் வரவுப்பாட்டோடு களரிக்கு வரும் முறை எல்லாம் அப்படியே போயின. கண்டிச் சிங்களக் குடும்பமொன்றின் துயரத்தை முதலில் தாங்கிய மேடை, தமிழ்க் கூத்து கொடுத்த மேடை. மாத்தளைத் தமிழர் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த பெரிய மாற்றம் 1906இல் வந்தது. சட்டத்தரணி ஜோன் டி சில்வா ‘ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க’ என்ற நூர்த்தியை மேடையேற்றினார். பார்சி நாடகக் கம்பெனிகள் காட்டிய வழியில் திரைச்சீலை, வட இந்திய மெட்டு, பகட்டான உடை என்று கதை நகரத்துக் கொட்டகைக்குள் நுழைந்தது. கூட்டம் அழுதது. ஆனால் அந்தக் கண்ணீருக்குள் வேறொன்றும் கலந்துவிட்டது. கண்ணுசாமி என்ற பெயரோடு நாயக்கர் குடும்பத்தில் பிறந்து, 1798இல் பதினெட்டு வயதில் அரியணை ஏறியவன் அந்த அரசன். அவனுடைய கொடுமை, ஒரு மனிதனின் கொடுமையாக இல்லாமல் அவன் இனத்தின் கொடுமையாக மேடையில் நின்றது. தாயின் துயரம் அரசியலுக்கு ஆயுதமாயிற்று. எனக்கு இந்த நாடகத்தோடு உள்ள வழக்கு இதுதான்.

அரசன் செய்தது மன்னிக்க முடியாத கொலை. அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் நல்ல குடும்ப நாடகம் ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு ஓய்வதில்லை. குடும்பம் அரசனின் பிடியில் இருக்கிறது என்று தெரிந்தும் எஹலேபொல தன் வழியில் போனார். அந்தத் தகப்பனின் மனம் எப்படி இருந்திருக்கும்? யாரையும் நம்ப முடியாத அரண்மனையில் அரசனை ஆட்டிவைத்த பயம் எத்தகையது? இரண்டு ஆண்களின் அதிகாரப் போட்டிக்கு இடையில், எதையும் தீர்மானிக்கும் உரிமை இல்லாமல் நின்றவள் குமாரிஹாமி. அவளை நடுவில் நிறுத்தினால்தான் நாடகம் நிமிரும்.

இன்று இதைப் புதிதாகச் செய்ய நினைக்கும் இளைஞர்களுக்கு முன்மாதிரி இருக்கிறது. 1956இல் ‘மனமே’யில் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர, பல இரவுகள் நீண்ட நாடகமவை ஒரே மாலைக்குள் அடக்கினார், அதன் பாட்டும் ஆட்டமும் கெடவில்லை. 1961இல் ‘சிங்கபாகு’வில் தகப்பனைக் கொல்லும் மகனின் கதையை எடுத்து, இரண்டு பக்க வலியையும் காட்டினார். அதே வழியில் எஹலேபொல கதையையும் கொண்டுபோகலாம். என்னைக் கேட்டால், மேடையில் வெட்டுக் காட்சியே வேண்டாம். தொடக்கத்திலிருந்து ஓர் உரல் நடுவில் இருக்கட்டும். முதற் காட்சியில் குமாரிஹாமி அதில் நெல் குற்றட்டும், பிள்ளைகள் சுற்றி விளையாடட்டும், சின்னவன் உலக்கையைத் தூக்கிப் பார்த்துத் தோற்கட்டும். கடைசியில் அவள் கையில் மறுபடி உலக்கையைக் கொடுத்தால் போதும், மிச்சத்தைப் பார்ப்பவர் மனமே நடத்திக்கொள்ளும்.

கதை அங்கேயும் முடியவில்லை. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. எஹலேபொல எதிர்பார்த்த அரியணை அவருக்குக் கிடைக்கவில்லை. 1818 கிளர்ச்சிக் காலத்தில் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டார். பின்னர் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு 1829இல் அங்கே இறந்தார். அதே 1818இல் மைத்துனர் கெப்பெட்டிபொலவின் தலையை ஆங்கிலேயர் வெட்டினார்கள். அரசனோ 1832இல் வேலூரில் கைதியாக இறந்தான். பகைவர் இருவரையும் ஒரே எசமான் கடல் கடத்தினான். வென்றவன் அவன் மட்டுமே. இந்தக் கணக்கைச் சொல்லாத மேடை பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

மாத்தளை நகரில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே தெருவில் கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஒரே மண்டபத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக்கூடிய குமாரிஹாமி நாடகம் வேண்டும். யாரும் தலைகுனிந்து எழுந்துபோக வேண்டியிராத, எல்லோரும் ஒரே தாய்க்காக அழக்கூடிய நாடகம். அதை எழுதும் கடமை தமிழ் நாடகக்காரர்களுக்கும் உண்டு.

அடுத்த வாரம்: இதே கதை யாழ்ப்பாணக் கரையோரத்தில் ‘கண்டி அரசன்’ கூத்தாக ஆடப்பட்ட விதம்.