பழைய காரின் ஃபியூயல் பம்ப்: பில்லையும் கேளுங்கள், கழற்றிய பம்பையும் கேளுங்கள்

பிரீமியர் பத்மினியோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. கிளம்பும்போது வண்டி ஒழுங்காகத்தான் ஓடும். மேம்பாலம் ஏறும்போது பெட்ரோல் கிடைக்காமல் முக்கும், திணறும், நின்றுவிடும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகும் இதே கதை தொடர்ந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் ஃபியூயல் பம்பை. அதை மாற்றுவது சின்ன வேலைதான். ஆனால் தவறான பம்ப், தவறான பொருத்தம், பில் இல்லாத கடை ஆகிய மூன்றும் சேர்ந்துவிட்டால் கார் எரியலாம், உயிருக்கே ஆபத்து வரலாம். அப்போது நியாயம் கேட்கப் போனால் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

பம்பில் என்ன கெடுகிறது?

இந்தப் பம்புக்கு மின்சாரம் தேவையில்லை. எஞ்சினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் ஒரு நெம்புகோலை அசைக்கிறது. அது டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வைக் கீழே இழுக்க, டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வருகிறது. ஸ்பிரிங் சவ்வை மேலே தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகிறது. ஓட்டம் ஒரே திசையில் இருக்க இரண்டு வால்வுகள் உண்டு. டயருக்கு 28 பவுண்டு காற்று அடிக்கிறோம். இந்தப் பம்ப் தரும் அழுத்தமோ பொதுவாக 2 முதல் 4 பவுண்டுதான். கார்புரேட்டர் தாங்குவதும் அவ்வளவுதான்.

பெரும்பாலும் முதலில் கெடுவது டயாஃப்ரம். வயதானால் ரப்பர் இறுகி வெடிக்கும். இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. நாடெங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. அது உப்பிப்போகும், மென்மையாகும், நாளடைவில் கிழியும். பழைய ஸ்டாக், பிரிக்காத டப்பா என்று ஆசைகாட்டி விற்கும் பம்பிலும் இதே ஆபத்து உண்டு. டப்பா புதிதாக இருக்கலாம். உள்ளே இருக்கும் ரப்பருக்கு முப்பது வயது ஆகியிருக்கும்.

எது ஆபத்து?

டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இரண்டு வழிகளில் போகும். ஒன்று, வெளியே சொட்டும். சூடான எக்ஸாஸ்ட் குழாய் மீதோ, தீப்பொறி பறக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் அருகிலோ ஒழுகினால் தீ பிடிக்க அதிக நேரம் ஆகாது. பெட்ரோல் வாடை வந்தால் ‘வீடு வரை ஓட்டிவிடலாம்’ என்று நினைக்கவே கூடாது.

இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குகள் தேயும். கிராங்க்கேஸில் சேரும் பெட்ரோல் ஆவி வெடிக்கவும் கூடும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

நடுவழியில் நின்ற வண்டிக்குப் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, பானெட்டுக்கு மேலே கட்டி, டியூப் வழியாகக் கார்புரேட்டருக்கு விடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. டியூப் ஒருமுறை நழுவினால் போதும், சூடான எஞ்சின் முழுக்கப் பெட்ரோல்தான். டோ செய்யும் செலவு எவ்வளவானாலும் அது இந்த ஆபத்தைவிடச் சின்னதுதான்.

மாற்றும்போது எதை வலியுறுத்த வேண்டும்?

மூடிய ஷெட்டிலும் பள்ளத்திலும் இந்த வேலை வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். பேட்டரி ஒயரை முதலில் கழற்றச் சொல்லுங்கள். பவுடர் வகைத் தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே வரும் பேக்கிங்கின் தடிமன் பழைய அளவிலேயே இருக்க வேண்டும். மெல்லியதாகிவிட்டால் நெம்புகோல் அளவுக்கு மீறி அசைந்து உடையலாம். தடித்துவிட்டால் பெட்ரோல் போதாது. நெம்புகோல் கேம் மீது சரியாக உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டை முறுக்க வேண்டும். விறைத்துப்போன பழைய டியூப்களையும் கிளிப்களையும் சேர்த்தே மாற்றுங்கள். எத்தனால் தாங்கும் டயாஃப்ரமா, டியூபா என்று கேட்டு வாங்குங்கள். எஞ்சினுக்குள் பெட்ரோல் இறங்கியிருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் கட்டாயம் மாற்ற வேண்டும். புதுப் பம்ப் போட்டுப் பழைய ஆயிலிலேயே ஓட்டினால் எஞ்சினை நாமே கெடுத்தவர்களாவோம்.

சிலர் எலெக்ட்ரிக் பம்ப் போடச் சொல்வார்கள். போடலாம், ஆனால் கார்புரேட்டருக்கு ஏற்ற குறைந்த அழுத்தப் பம்பாக இருக்க வேண்டும். இன்ஜெக்ஷன் கார்களின் பம்ப் பல மடங்கு அழுத்தத்தில் தள்ளும்; கார்புரேட்டர் நிரம்பி வழியும். எஞ்சின் நின்றால் பழைய பம்ப் தானாகவே நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்ப் அப்படி நிற்காது. விபத்தில் டியூப் அறுந்தாலும் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எஞ்சின் நின்றதும், மோதல் நடந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் அதைப் பொருத்த விடாதீர்கள்.

உங்கள் உரிமை என்ன?

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பம்ப் விற்ற கடைக்கும் பொருத்திய ஒர்க்‌ஷாப்புக்கும் பொருந்தும். பில் தராமல் இருப்பதையே அந்தச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால், 30 நாட்களுக்குள் எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று கடைச் சுவரில் எழுதிவைத்தால் இந்த உரிமை போய்விடாது. போலிப் பொருளை அசல் என்று விற்பது தண்டனைக்குரிய குற்றம்.

டப்பாவில் அடைத்து விற்கும் பம்பில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும். சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் இதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள்.

கழற்றிய பம்பையும் கேட்டு வாங்குங்கள். புதுப் பம்ப் கெட்டால் அதையும் கடையிலேயே விட்டுவிடாதீர்கள், படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பொருளில் குறை இருக்கிறதா என்பதில் தகராறு வந்தால், அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பம்ப் கையில் இல்லாவிட்டால் எதை அனுப்புவது?

எங்கே முறையிடுவது?

முதலில் கடைக்கோ ஒர்க்‌ஷாப்புக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருள் எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். விலை, பழுதுச் செலவு, நஷ்ட ஈடு மூன்றையும் கேட்கலாம்.

கார் தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதை இன்றே யோசியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் காருக்கு ஒரு ரூபாயும் வராது. முழுக் காப்பீட்டில் தீ, வெடிப்பு, தானாகத் தீப்பிடித்தல் ஆகியவை அடங்கும். தேய்மானமும் இயந்திரப் பழுதும் அடங்காது. 5 ஆண்டுக்கு மேற்பட்ட காரின் மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே பழுது பார்த்த பில்களும் படங்களும் அங்கேயும் கைகொடுக்கும். இழப்பீட்டை நிறுவனம் மறுத்தால், ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

பல ஆண்டுகளாக நம் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் பில் கேட்கக் கூச்சமாக இருக்கும். நம்பவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று தோன்றும். ஆனால் கடைக்காரர் மட்டமான பம்பை விற்றிருந்தால், பொருத்தியவர் மேல் பழி விழாமல் காப்பாற்றுவதும் அதே பில்தான். எந்தப் பம்ப், யாரிடம் வாங்கியது, யார் பொருத்தியது, என்ன தேதி என்ற நான்கு விவரங்களும் எழுத்தில் இருக்கட்டும். இந்த வண்டிகளைத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. நல்ல மெக்கானிக்கையும் வண்டி உரிமையாளரையும் ஒருசேரப் பாதுகாக்கும் இந்தப் பழக்கத்தை அடுத்த சர்வீஸிலேயே தொடங்குங்கள்.