காட்டிலிருந்து ஏட்டுக்கு
சின்னஞ்சிறு உயிர்கள் – 6

ஒரு புதிய சிற்றினம் காட்டில் கையில் அகப்பட்டதுமே கண்டுபிடிக்கப்பட்டதாக ஆகிவிடாது. அதற்கு ஒரு பெயர் வேண்டும். உறவுச் சிற்றினங்களிலிருந்து அது எதில் வேறுபடுகிறது என்ற விளக்கம் வேண்டும். அந்தப் பெயர் எந்த உடலைக் குறிக்கிறது என்று சுட்டிக்காட்ட ஒரு மூல மாதிரியும் வேண்டும். இம்மூன்றும் முறையாக வெளியான பிறகே அறிவியல் அதை ஏற்கும். விலங்குகளின் பெயர்களுக்கு லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட ‘சிஸ்டமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பு தொடக்கம். தாவரங்களுக்கு அவருடைய 1753-ஆம் ஆண்டு நூலான ‘ஸ்பீசிஸ் பிளான்டாரம்’. பூஞ்சை தாவரமன்று, பரிணாம உறவில் அது விலங்குகளுக்கே நெருக்கம். ஆனாலும் பெயரிடும் விதிகளில் இன்றுவரை தாவரங்களோடு சேர்ந்தேதான் இருக்கிறது.

பெரிய விலங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது. மிச்சமிருப்பவை சிறியவை, முதுகெலும்பில்லாதவை, மண்ணுக்குள்ளும் மட்கிய மரத்துக்குள்ளும் கிடப்பவை. இதுவரை விவரிக்கப்பட்ட பூச்சிகள் ஏறத்தாழ 10 லட்சம். உண்மையில் 55 லட்சம் வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. பூஞ்சைகளில் இடைவெளி இன்னும் அகலம். பெயர் பெற்றவை சுமார் 1.5 லட்சம், 2017-இல் வெளியான மதிப்பீடோ 22 முதல் 38 லட்சம் வரை என்கிறது. ஆசியாவின் வெப்பமண்டலக் காடுகளிலும் மலைகளிலும் இந்தப் பாக்கியில் பெரும்பங்கு இருக்கிறது.

மூல மாதிரி என்பது பெரும்பாலும் ஒரே ஓர் உடல். சாராயத்தில் ஊறும் பூரானாகவோ, குண்டூசியில் குத்திய வண்டாகவோ, காகித உறையில் உலர்ந்த காளானாகவோ அது இருக்கலாம். பின்னாளில் ஐயம் எழுந்தால் ஆய்வாளர்கள் அதைத்தான் திரும்பப் பார்ப்பார்கள். 1999-க்குப் பிறகு விவரிக்கப்படும் எந்த விலங்குக்கும் மூல மாதிரி எது என்று வெளிப்படையாகக் குறித்தாக வேண்டும். அதோடு கட்டியிருக்கும் சீட்டும் உடலுக்கு இணையான மதிப்புடையது. எங்கே, எப்போது, யார் எடுத்தது என்பதையெல்லாம் அந்தச் சீட்டுதான் சொல்லும்.

சீட்டில் உள்ள ஊர் உயிரின் சொந்த ஊராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீலச் சிலந்தியான போயசிலோதீரியா மெட்டாலிக்கா சாட்சி. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ரெஜினால்ட் போக்காக் 1899-இல் இதை விவரித்தார். மாதிரி கிடைத்த இடம் அன்றைய சென்னை மாகாணத்தின் குத்தி. இன்று அது ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கும் காட்டில் அன்று, ரயில்வே மரக் கிடங்கில். வெட்டிய மரத்தோடு ரயிலேறி அது வந்திருக்க வேண்டும் என்றே கருதப்படுகிறது. அதன் பிறகு 102 ஆண்டுகளுக்கு அந்தச் சிலந்தி யார் கண்ணிலும் படவில்லை. 2001-இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், குத்தியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி, அது மீண்டும் கிடைத்தது.

தேடும் முறை உயிருக்கு உயிர் மாறும். தென்கிழக்கு ஆசியாவின் சுண்ணாம்புக்கல் குன்றுகளில் நத்தை தேடுவோர் முதலில் நத்தையைத் தேடுவதே இல்லை. பாறைச் சுவரின் அடியில் குவிந்திருக்கும் மண்ணையும் சருகையும் பைகளில் அள்ளி வருவார்கள். அதைச் சலித்து, வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்குவார்கள். மண்ணும் கல்லும் அடியில் தங்க, உள்ளே காற்றடைத்த வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். அவற்றை வழித்தெடுத்து உலர்த்தி நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். பார்ப்பதற்கு எளிய வேலை. ஆனால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஓடுகளில் சுருள்களின் எண்ணிக்கை, வாயின் வடிவம், உள்ளிருக்கும் பல் போன்ற முகடுகள், மேற்பரப்பின் வரிகள் ஆகியவற்றை ஒப்பிட அசாத்தியப் பொறுமை வேண்டும்.

இந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தபடியே இருக்கிறது. சீனாவின் குவாங்சியிலிருந்து 2015-இல் விவரிக்கப்பட்ட அங்குஸ்டோபிலா டொமினிகே 0.86 மில்லிமீட்டர் உயரம். தையல் ஊசியின் காதுக்குள் அதன் ஓட்டை வைத்து எடுத்த படம் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டிலேயே போர்னியோ தீவின் 48 புதிய நத்தைகளை வெர்மூலன், லியூ தோர் செங், ஸ்கில்ட்ஹைசன் ஆகியோர் ஒரே கட்டுரையில் விவரித்தபோது, சுமார் 0.7 மில்லிமீட்டர் உயரமே கொண்ட அக்மெல்லா நானா சிறுமையில் அதை முந்தியது. 2022-இல் வியட்நாமிலிருந்து இன்னும் சிறிதாக அங்குஸ்டோபிலா சாமியன் வந்தது. சிறுமைக்கு மட்டுமன்று, வடிவத்துக்கும் இந்தக் குன்றுகள் பெயர்போனவை. மலேசியாவின் பேராக் மாநிலத்துக் குனோங் ராப்பாட் குன்றிலிருந்து 2008-இல் விவரிக்கப்பட்ட ஒபிஸ்தோஸ்டோமா வெர்மிகுலம் நான்கு வெவ்வேறு அச்சுகளில் சுருள்கிறது. நத்தை ஓட்டின் வளர்ச்சி பற்றிய வழக்கமான கணக்குகளுக்குள் அது அடங்குவதில்லை.

ஒரு குன்றின் நத்தை அடுத்த குன்றில் இல்லாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. ஓடு கட்டச் சுண்ணாம்பு தேவை. அது குன்றில் ஏராளம், சுற்றியுள்ள சமவெளி மண்ணிலோ அரிது. சமவெளியைத் தாண்ட நத்தையால் முடிவதில்லை. ஆகவே ஒவ்வொரு குன்றும் தனித் தீவாகி, தனக்கென்று சிற்றினங்களை வளர்த்துக்கொள்கிறது. குகைச் சிலந்திகளிலும் இதைக் காணலாம். தைப்பூசத்துக்குக் காவடிகள் ஏறும் பத்துமலை அப்படியொரு சுண்ணாம்புக் குன்றுதான். கோயில் குகைக்குப் பக்கத்திலுள்ள இருட்டுக் குகையில் வாழும் லிபிஸ்டியஸ் பத்துயென்சிஸ் என்ற சிலந்தி 1923-இல் விவரிக்கப்பட்டது. அதன் வயிற்றின் மேற்புறத்தில் கண்டம் கண்டமாகத் தகடுகள் தெரியும். சிலந்திக் குலத்தின் மிகப் பழைய கிளையைச் சேர்ந்தது என்பதற்கு அது அடையாளம்.

மாதிரி கிடைத்துவிட்டாலும் காத்திருப்பு முடிவதில்லை. சேகரித்த நாளிலிருந்து விவரிப்பு வெளியாகச் சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. தென்கிழக்கு ஆசியாவின் ஸ்கோலோபென்ட்ரா கேட்டராக்டா என்ற பூரான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் பெக்கலோனி 2001-இல் தேனிலவுக்குத் தாய்லாந்து போயிருந்தபோது ஓர் ஓடைக் கரையில் கல்லைப் புரட்டினார். கீழிருந்த பூரான் காட்டுப் பக்கம் ஓடாமல் தண்ணீருக்குள் இறங்கி ஒளிந்தது. பூரான் நீந்துவதைப் பலரும் நம்பவில்லை. பிடித்த மாதிரி அருங்காட்சியகத்தில் இருந்தது. பின்னர் லாவோஸ் அருவிகளருகே இரண்டு பூரான்கள் கிடைத்தன. டி.என்.ஏ. ஒப்பீடு அவை புதியவை என்று காட்ட, 2016-இல் பெயர் வந்தது. அதற்குள் இன்னொன்றும் தெரிந்தது: வியட்நாமில் 1928-இல் பிடிக்கப்பட்ட அதே பூரான், வேறு பெயரோடு அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகளாக இருந்திருக்கிறது.

இணையத்திலும் இப்படி நடந்திருக்கிறது. மலேசியாவின் சிலாங்கூரில் புகைப்படக்காரர் குவெக் ஹாக் பிங் எடுத்த ஒரு கண்ணாடி இறக்கைப் பூச்சியின் படத்தை ஃபிளிக்கர் தளத்தில் பார்த்த கலிபோர்னியப் பூச்சியியலாளர் ஷான் வின்டர்டன், இறக்கையிலிருந்த கருப்பு, நீலக் குறிகளைக் கொண்டு இது புதியது என்று ஊகித்தார். ஆனால் படமெடுத்த பூச்சி பறந்துபோயிருந்தது. குவெக் மீண்டும் போய் ஒன்றைப் பிடித்து லண்டனுக்கு அனுப்பிய பிறகே, 2012-இல், செமாகிரைசா ஜேட் என்ற பெயர் அச்சேறியது. கட்டுரையின் மூன்று ஆசிரியர்களில் குவெக்கும் ஒருவர். அது நியாயமான மரியாதை.

பூஞ்சைகளின் கதை வேறு. குடையும் காம்பும் சில நாள்களே மண்ணுக்கு மேல் தெரியும். உடலின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இழைகளாக மண்ணிலும் மரத்திலும் பரவியிருக்கும். பறித்த காளானின் நிறமும் மணமும் சில மணி நேரத்தில் மாறிவிடுமென்பதால், அவற்றை அங்கேயே குறித்துப் படமெடுத்து, பிறகு வெப்பக் காற்றில் உலர்த்தி உறையிலிட வேண்டும். ஸ்போர்களின் அளவையும் வடிவத்தையும் நுண்ணோக்கியில் அளக்க வேண்டும். இப்போது இவற்றோடு ஐ.டி.எஸ். எனப்படும் டி.என்.ஏ. பகுதியையும் படிக்கிறார்கள், 2012-இல் அதுவே பூஞ்சைகளின் பொது அடையாளக் குறியாக முன்வைக்கப்பட்டது. 2011 முடியும் வரை புதிய பூஞ்சையின் விளக்கம் லத்தீனில் இருக்க வேண்டியிருந்தது. 2012 முதல் ஆங்கிலமும் போதும். 2013 முதல் மைக்கோபேங்க், இண்டெக்ஸ் ஃபங்கோரம், பீஜிங்கின் ஃபங்கல் நேம்ஸ் ஆகியவற்றைப் போன்ற அங்கீகாரம் பெற்ற பதிவகத்தின் எண் இல்லாமல் எந்தப் பூஞ்சைப் பெயரும் செல்லாது. மண்ணிலிருந்து டி.என்.ஏ. மட்டும் கிடைத்து, உடலே கிடைக்காத பூஞ்சைகள் ஏராளம். வெறும் வரிசையை மூல மாதிரியாக ஏற்க விதிகள் இடம் தராததால் அவை பெயரில்லாமல் நிற்கின்றன.

லண்டன் கடையொன்றில் வாங்கிய உலர்ந்த சீனக் காளான் பொட்டலத்திலிருந்து 15 துண்டுகளை எடுத்துக் கியூ தோட்டத்தின் ஆய்வாளர்கள் டி.என்.ஏ. படித்தார்கள். அவை மூன்று சிற்றினங்கள். மூன்றுக்கும் அறிவியல் பெயர் இல்லை. 2014-இல் பொலீட்டஸ் பேரினத்தில் அவற்றுக்குச் சீனச் சொற்களிலிருந்தே பெயர் வைத்தார்கள். யுன்னான் மக்கள் பறித்து, சமைத்து, விற்றுவந்த காளான்கள் அவை.

அதே யுன்னானில் பெயரில்லாத ஒரு காளான் உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகளாக, மலைக் கிராமங்களில் மழைக்காலம் வந்தால் நலமாக இருந்தவர்கள் திடீரென இதயம் நின்று இறந்தார்கள். ஒரே குடும்பத்தில், ஒரே ஊரில் அடுத்தடுத்து. மொத்தம் சுமார் 400 பேர். சீனாவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அனுப்பிய குழுவினர் ஊர் ஊராகப் போய், இறந்தவர்கள் என்ன குடித்தார்கள், என்ன தின்றார்கள் என்று விசாரித்தார்கள். சாவு நிகழ்ந்த வீடுகளில் ஒரு சின்ன வெள்ளைக் காளான் திரும்பத் திரும்ப வந்தது. அந்தக் குடும்பங்கள் காளான் பறித்து விற்றுப் பிழைத்தவை. விலை போகும் காளான்கள் சந்தைக்குப் போயின. யாரும் வாங்காத அந்த வெள்ளைக் காளான் வீட்டு அடுப்புக்கு வந்தது. வறுமைதான் அதைத் தட்டில் வைத்தது என்பதை எந்த நச்சியல் அட்டவணையும் காட்டாது.

கிராமங்களில் எச்சரிக்கை பரவியதும் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. குன்மிங் தாவரவியல் நிறுவனத்தின் யாங் ஜு லியாங்கும் நோய்க் குழுவினரும் சேர்ந்து 2012-இல் அதை ட்ரோஜியா வெனெனாட்டா என்று விவரித்தார்கள். புரதங்களில் வழக்கமாக இடம்பெறாத நச்சு அமினோ அமிலங்கள் அதில் இருப்பதும் அதே ஆண்டு தெரியவந்தது. ஒரு நஞ்சை எந்தக் காளானில் கண்டோம் என்று உறுதியாகச் சொல்லவும், மருத்துவர் ஒருவர் இன்னொருவருக்கு எழுதவும் அந்தப் பெயர் வேண்டியிருந்தது.

காப்புக்கும் பெயரே முதல் படி. பெயரில்லாத சிற்றினத்தை அழிவாபத்துப் பட்டியலுக்காக மதிப்பிடுவது அரிது. ஈப்போ அருகே குனோங் கந்தான் குன்றில் 2014-இல் விவரிக்கப்பட்ட நத்தைக்கு, அங்கே கல் வெட்டிய லாஃபார்ஜ் சிமென்ட் நிறுவனத்தின் பெயரையே வைத்து லாஃபார்ஜி என்றார்கள். அந்த நத்தையின் எதிர்காலம் யார் கையில் இருக்கிறது என்று சுட்ட ஆய்வாளர்கள் தேர்ந்த வழி அது. பகாங்கின் புக்கிட் பாஞ்சிங் குன்றில் மட்டுமே அறியப்பட்ட பிளெக்டோஸ்டோமா சியாஃபிலம் என்ற நத்தைக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. குன்று சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டது. நத்தை அற்றுப்போனவற்றின் பட்டியலில் சேர்ந்தது.

பழைய மூல மாதிரிகளில் பல இன்றும் லண்டன், பாரிஸ் போன்ற ஐரோப்பிய நகரங்களில்தான் உள்ளன. சென்னையிலோ பாங்காக்கிலோ இருந்து ஒப்பிட விரும்புபவர் அங்கே போக வேண்டும், அல்லது படங்களை நம்ப வேண்டும். புதிதாக விவரிக்கப்படும் ஆசிய உயிர்களின் மாதிரிகள் இப்போது பெரும்பாலும் ஆசியாவிலேயே தங்குகின்றன. கொல்கத்தாவில் 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம், சிங்கப்பூரின் லீ கோங் சியான் அருங்காட்சியகம், பாங்காக்கின் சுலலோங்கோன் பல்கலைக்கழகம், குன்மிங்கின் உலர்தாவரத் தொகுப்பு ஆகியவை அவற்றைக் காக்கின்றன. இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், நாட்டின் உயிர் வளங்களை வெளிநாட்டவர் ஆய்வுக்கு எடுக்க அனுமதி பெற வேண்டும் என்கிறது. இங்கே கண்டறியப்படும் புதிய உயிரின் மூல மாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கவும் சொல்கிறது.

(தொடரும்)