தமிழ்நாட்டில் போய்த் தங்க எந்த விசா?

பணி ஓய்வுக்குப் பின் தமிழ்நாட்டில் போய்க் காலம் கழிக்க வேண்டும் என்பது நம்மவர் பலரின் ஆசை. ஆனால், ஓய்வு பெற்றவர்களுக்கென்று இந்தியா தனி விசா எதுவும் வழங்குவதில்லை.

பலரும் அறிந்தது இ-சுற்றுலா விசா. ஐந்தாண்டு விசா கையில் இருந்தாலும், மலேசியர்கள் ஒவ்வொரு முறையும் தொடர்ந்து 90 நாள் வரைதான் தங்கலாம். கோயில்களுக்குப் போய்வர அது போதும், குடியிருக்கப் போதாது.

இந்திய வம்சாவளியினருக்கு ஏற்றது ஓசிஐ அட்டை. இது வாழ்நாள் விசா. எவ்வளவு காலம் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. இது இந்தியக் குடியுரிமை அல்ல. ஆகவே, நம் மலேசியக் குடியுரிமை பறிபோகாது. வீடு வாங்கலாம்; விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது. வாக்குரிமையும் இல்லை.

கணவனோ மனைவியோ இந்திய வம்சாவளியினர் அல்லாதவரா? திருமணம் பதிவாகி ஈராண்டு நிறைந்திருந்தால் அவரும் விண்ணப்பிக்கலாம்.

சிக்கல் ஆவணங்களில்தான். இந்தியாவில் பிறந்த மூதாதையர் முதல் உங்கள் வரை உறவுத் தொடர்பைப் பத்திரங்களால் காட்ட வேண்டும். தாத்தாவின் பழைய கடப்பிதழ், பெற்றோரின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றை இப்போதே தேடி எடுங்கள். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர், ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கக்கூடும். அப்படியானால் என்ன செய்வது என்பதை இந்தியத் தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டை கைக்கு வரும் வரை, இங்குள்ள வீட்டை விற்றுவிடாதீர்கள்.