பெங்களூரில் போர்க்கால விஞ்ஞானம்

இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஆராய்ச்சிக்கென்றே மறைவான ஊர்கள் சில உருவாயின. அமெரிக்காவில் அணுகுண்டு ஆராய்ச்சிக்காக 1943ஆம் ஆண்டில் அமைந்த லாஸ் அலமாஸ் அவற்றுள் ஒன்று. அங்குப் பணிபுரிந்தோரின் கடிதங்கள்கூட ஒரு தபால் பெட்டி எண்ணுக்கே அனுப்பப்பட்டன. பெங்களூர் அத்தகைய மறைவூர் அன்று. எனினும் அந்நகரின் ஒரு பகுதியில் யுத்தப் பணி காவலுக்குள்ளும், மற்றொரு பகுதியில் விஞ்ஞானக் கல்வி வகுப்பறையிலும் ஒரே காலத்தில் நடைபெற்றன. இவ்விரண்டும் நாட்டுக்கு எதை விட்டுச் சென்றன என்பது அறியத்தக்கது.

1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையுடன் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை இங்கு நிறுவினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே ஹார்லோ என்னும் பயிற்சி விமானம் இங்கு ஒன்றுசேர்க்கப்பட்டுப் பறந்தது. 1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவில் முன்னேறியபோது இந்திய அரசாங்கம் நிர்வாகத்தை ஏற்றது. 1943இல் அது அமெரிக்க விமானப் படையின் பொறுப்புக்கு மாறியது. புதிய விமானம் கட்டும் வேலை நின்று, பழுது பார்த்தலே முதன்மையாயிற்று. நீரிலும் இறங்கவல்ல காட்டலினா விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் வந்திறங்கின.

பழுது பார்ப்பவனுக்கு வழிகாட்டி நூல் போதும். புதிதாக வடிவமைப்பவனுக்கோ காற்றின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும். இக்குறையை நீக்க 1942 டிசம்பரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விமானப் பொறியியல் துறை தொடங்கப்பெற்றது. டாக்டர் வி. எம். காட்கே அதற்குப் பொறுப்பேற்றார். இத்துறையின் முக்கிய கருவி காற்றுச் சுரங்கமாகும். விமானம் காற்றினூடே விரைவதும், அசையாமல் நிற்கும் மாதிரியின்மீது காற்று விரைவதும் விளைவில் ஒன்றே. ஆகையால் மாதிரியை ஒரு தராசுடன் பிணைத்துக் காற்றைச் செலுத்தினால், அதனை மேலே தூக்கும் விசையையும் பின்னுக்கு இழுக்கும் விசையையும் அளந்துவிடலாம்.

யுத்தம் வேறொரு ஆராய்ச்சிக்கும் எதிர்பாராத உதவி செய்தது. 1939இல் தாயகம் வந்திருந்த ஹோமி பாபா, யுத்தம் மூண்டதால் இங்கிலாந்து திரும்ப இயலாமல் இக்கழகத்தில் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியை மேற்கொண்டார். பூமியின் காந்தப் புலம் விண்ணிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களை வளைக்கிறது. பூமத்திய ரேகைக்கு அண்மையில் ஆற்றல் மிக்க துகள்களே அப்புலத்தைக் கடந்து வர முடியும். எனவே பெங்களூரில் எடுக்கும் அளவை வடக்கிலுள்ள நாடுகளின் அளவோடு ஒப்பிடுதல் பயனுடையது. 1944இல் அமெரிக்கப் படையின் விமானத்தில் கைகர் எண்ணிகள் ஏற்றப்பட்டு, 30,000 அடி உயரம் வரை அளவுகள் எடுக்கப்பட்டன. இதன் முடிவு 1945இல் யாவரும் படிக்குமாறு வெளியிடப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் இக்கழக வளாகத்திலேயே பாபாவின் தலைமையில் தோன்றிப் பின்னர் பம்பாய்க்குச் சென்றது.

யுத்தம் முடிந்ததும் பழுது பார்க்கும் வேலை குறைந்தது. தொழிற்சாலை ரயில் பெட்டிகள் செய்யும் நிலைக்கு வந்தது. கைத்திறன் மட்டும் இருந்திருந்தால் விமானக் கலை அத்துடன் கலைந்திருக்கக்கூடும். வடிவமைக்கும் அறிவும் இருந்தமையால், காட்கேயின் தலைமையில் உருவான எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951இல் பறந்தது. காவலில் வைத்த வேலை யுத்தத்தோடு முடிந்தது. கற்பித்த அறிவே நிலைத்தது.

மாணவர்களைப் பெங்களூருக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், 2001இல் திறக்கப்பட்ட இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் காட்சியகத்தைக் காட்டலாம். விஞ்ஞானக் கழகத்தில் 1959இல் நிறுவப்பட்ட 14 அடி அகலமும் 9 அடி உயரமும் கொண்ட பெரிய காற்றுச் சுரங்கம் உள்ளது. அதனைப் பார்க்க முன்னதாகவே அனுமதி பெறுதல் வேண்டும். செல்ல இயலாத பள்ளிகளில் மேசை விசிறியின் முன்னே ஓர் அட்டையைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லலாம். சாய்வு மாறுந்தோறும் தூக்கும் விசையும் இழுக்கும் விசையும் மாறுவதை மாணவரின் கையே உணரும். விமான வடிவமைப்பின் முதற் பாடம் அதுவே.