கண்காட்சியும் விளம்பரமும்

நல்ல சரக்கைச் செய்துவிட்டால் போதும், வாங்குவோர் தாமே தேடிவருவர் என்னும் எண்ணம் நமது கைத்தொழிலாளரிடம் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. இது தவறென்பதற்குத் திருப்பூரின் சரித்திரமே சாட்சியாகும்.

1925-ல் அகில பாரத சர்க்கா சங்கம் தோன்றிய பின்னர், தமிழ்நாட்டுக் கதர் வேலைக்குத் திருப்பூர் முக்கிய கேந்திரமாக விளங்கிற்று. காங்கிரஸ் மகாசபை கூடியபோது கதர்க் கண்காட்சிகளும் நடைபெற்றன. ஆயினும் கண்காட்சியால் மட்டும் கதர் விலைபோகவில்லை. தொண்டர்கள் கதர் மூட்டைகளைத் தோளிற் சுமந்து வீதி வீதியாகச் சென்றார்கள். கண்காட்சிக்கு வராதவன் வீட்டுக்குக் கண்காட்சியே சென்றது!

அத்திருப்பூர் இன்று பின்னலாடையால் உலகப் பிரசித்தி பெற்றிருக்கிறது. அன்னிய நாட்டு வியாபாரிகளை உத்தேசித்துத் திருமுருகன்பூண்டி நிட் ஃபேர் வளாகத்திலே கண்காட்சி நடத்துகிறார்கள். பெரிய கம்பெனிகளுக்குப் பழைய வாடிக்கையும் ஏஜெண்டுகளும் உண்டு. சிறு முதலாளியோ கடன் வாங்கி ஸ்டால் எடுத்து, சாம்பிள் சட்டைகளைத் தொங்கவிட்டுக் காத்திருக்கிறான். கடைசி நாள் மாலையில் அவன் கையில் எஞ்சுவன சில விசிட்டிங் கார்டுகளே.

இதற்குப் பரிகாரம் அவன் சட்டைப் பையிலேயே இருக்கிறது. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன் ஆகியவை அன்றைய தொண்டனின் தோளுக்கு ஒப்பானவை. கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பே ஸ்டால் எண்ணையும் சரக்கின் வகையையும் அறிவிக்க வேண்டும். துணியின் எடை, இழுபடும் தன்மை, சலவைக்குப் பின் அதன் நிலை ஆகியவற்றைச் சிறு படங்களாக எடுத்துக் காட்டலாம். வர இயலாதவர்க்கு ஸ்டாலிலிருந்தே நேரில் காட்டலாம். முடிந்தபின், கார்டு கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாரத்துக்குள் எழுத வேண்டும்.

பிறர் மாதிரியைக் களவாடுவர் என்று அஞ்சுவோர் உண்டு. ஸ்டாலில் தொங்கும் சட்டையைப் போட்டிக்காரன் பார்ப்பதில்லையா? ஆனால் ஒரு வியாபாரி நம்பிக் கொடுத்த மாதிரியை ஊரறியக் காட்டுவது துரோகமாகும்.

பொய்யும் உதவாது. நொய்யல் மாசடைந்தமையால் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை வியாபார உலகம் அறியும். கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் உபயோகிப்போர் அதனைப் பெருமையுடன் படம்பிடித்துக் காட்டட்டும். அது இல்லாதார் அயலான் நிலையத்தைத் தமதென்று காட்டுதல் ஊர் முழுவதற்கும் அபகீர்த்தியாகும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது 50 சதவிகித வரி விதித்தபோது, ஒரே சந்தையை நம்பியிருப்பதன் அபாயத்தைத் திருப்பூர் நன்குணர்ந்தது. புதிய தேசங்களில் புதிய வாடிக்கை தேடுவது இனி சௌகரியமன்று; ஜீவாதாரம். ஆதலின் வியாபார சங்கங்களும் படித்த இளைஞர்களும் சிறு முதலாளிகளுக்கு இவ்வித்தையைக் கற்பிக்க முன்வர வேண்டும். ஒரு பனியன் கம்பெனிக்கு வேலை வந்தால், அதை நம்பிய பல குடும்பங்களில் அடுப்பெரியும்.