பல்லும் பற்றும்: இரண்டு நாவல்கள், இரண்டு மருத்துவர்கள்

இயன் மக்குவயரின் ‘தி நார்த் வாட்டர்’ (2016) நாவலைப் படித்த நண்பர்கள் எல்லோரும் ஹென்றி ட்ராக்ஸைப் பற்றித்தான் பேசுகிறார்கள். திமிங்கில வேட்டைக் கப்பலில் ஈட்டி எறிபவன். கொலைகாரன். சிறுவனைச் சிதைத்துக் கொல்பவன். ‘அப்பா, என்ன இருட்டு!’ என்கிறார்கள். அந்த இருட்டின் மீதே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதை விளக்க வடதுருவக் கடலிலிருந்து ஆனைமலைக்கும், அங்கிருந்து சேர்வராயன் மலையடிவாரத்துக் குப்பனூருக்கும் வரவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை 1859இல் நடக்கிறது. இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திலிருந்து ‘வாலண்டியர்’ என்ற கப்பல் கிளம்புகிறது. கப்பல் மருத்துவன் பாட்ரிக் சம்னர், 1857இல் தில்லி முற்றுகையில் பிரிட்டிஷ் படையோடு இருந்து பேர் கெட்டுத் திரும்பியவன். அபினிக் கரைசல் இல்லாமல் அவனுக்குத் தூக்கமில்லை. இந்தியக் கொள்ளையின் மிச்சம் அவன் பெட்டியில் இருக்கிறது. நம் சிப்பாய்ப் புரட்சி பனிக்கடல் வரை பயணம் போகிறது. திமிங்கிலங்கள் அருகிவிட்டன, தொழில் சாகிறது என்பது முதலாளி பாக்ஸ்டருக்குத் தெரியும். ஆகவே கப்பலைப் பனியில் மூழ்கடித்து இன்சூரன்ஸ் பணம் வாங்கத் திட்டம். ஏறிய மாலுமிகளுக்கு இது தெரியாது.

கப்பலில் எடுபிடிச் சிறுவன் ஒருவன் கொலையாகிறான். பழி முதலில் மக்கென்ட்ரிக் என்ற தச்சன் மீது விழுகிறது. அவன் தன்பாலின விருப்பம் கொண்டவன் என்று எல்லோருக்கும் தெரியும், அது போதுமானதாக இருக்கிறது. (விளிம்பில் நிற்பவனைக் கைகாட்டுவதற்குக் கப்பல் என்ன, கிராமம் என்ன?) சம்னர் உடல்களைப் பரிசோதிக்கிறான். ட்ராக்ஸின் கைப்புண்ணைக் கீறும்போது உள்ளே செத்த சிறுவனின் பல் அகப்படுகிறது. கடித்த பல், குற்றவாளியின் சதைக்குள்ளேயே சாட்சியாகப் புதைந்திருக்கிறது. நாவலின் மிகத் திறமையான இடம் இது. நான் முரண்படுகிற இடமும் இதுதான்.

மருத்துவன் உடலை ஒரு பிரதியாக வாசிக்கிறான். வாசிப்பின் முடிவில் ஒரு பெயர் கிடைக்கிறது, தீமைக்கு ஒரு முகம் வந்துவிடுகிறது. முகம் வந்தபின் வாசகனுக்கு வேறு கணக்குப் பார்க்கத் தோன்றாது. ட்ராக்ஸ் கொன்றது சிலரை. பாக்ஸ்டரின் காகிதம் ஒரு கப்பல் நிறைய ஆட்களை விலையாக வைத்தது. ஆனால் நினைவில் தங்குவது பல்.

இதற்குப் பக்கத்தில் நம்மிடமிருக்கும் நாவலை வைத்துப் பார்ப்போம். பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ 1969இல் வந்தது. இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 2007இல் ‘எரியும் பனிக்காடு’ ஆயிற்று. டேனியல் வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர், தொழிற்சங்கம் கட்டியவர். வயதான தொழிலாளர்கள் வாயால் கேட்டதையே கதையாக்கினார். திருநெல்வேலிச் சீமையின் வறண்ட கிராமத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். ஒரு வருஷம் உழைத்து மிச்சம் பிடித்துத் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. குளிர், அட்டை, மலேரியா. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் அரிசிக்கு, கம்பளிக்கு, முன்பணத்துக்கு என்று கழித்ததுபோகப் பற்றுதான் மிஞ்சுகிறது. மறுபடி ஒரு வருஷம்.

இங்கும் ஒரு மருத்துவர் வருகிறார், ஆபிரகாம். அவரும் உடல்களை வாசிக்கிறார். வீங்கிய மண்ணீரல், சோகை பிடித்த கண், காய்ச்சல். எந்தக் கையைக் கீறினாலும் பல் கிடைக்காது. அடிக்கிறவனும் பெண்டாள நினைக்கிறவனும் தோட்டத்தில் உண்டு, டேனியல் அதை மறைக்கவில்லை. ஆனால் அவர்களையெல்லாம் நாளைக்கே அப்புறப்படுத்தினாலும் கருப்பன் ஊர் திரும்ப முடியாது. குற்றவாளி பேரேட்டில் இருக்கிறான்.

பேரேட்டுக்குப் பின்னால் சட்டம். 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் தொழிலாளர் ஒப்பந்த மீறல் பற்றியது. முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவனை மாஜிஸ்திரேட் வேலைக்குப் போகச் சொல்லலாம் அல்லது பணத்தைத் திருப்பச் சொல்லலாம். கேட்காவிட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கடன் பாக்கி என்பது சிவில் விவகாரம், கூலிக்காரனுக்கு மட்டும் அது கிரிமினல். முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கென்று வந்த சட்டம் பிறகு மலைத்தோட்டங்களின் கையாயுதமாயிற்று. சென்னை மாகாணத் தோட்ட முதலாளிகளுக்கென்று தனியாக 1903இல் ஒரு சட்டமும் போட்டார்கள். 1859ஆம் ஆண்டுச் சட்டம் ரத்தானது 1925இல்.

ஆண்டைக் கவனியுங்கள். வாலண்டியர் கற்பனைக் கப்பல், ஆனால் அது கிளம்பும் அதே 1859இல்தான் இந்தச் சட்டம். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் பென்சில்வேனியாவில் ட்ரேக் தோண்டிய கிணற்றில் பெட்ரோலியம் வந்தது. விளக்கெரிக்கத் திமிங்கில எண்ணெய்க்கு இருந்த மவுசு மண்ணெண்ணெயால் போயிற்று. பாக்ஸ்டர் போன்றவர்களின் அச்சம் கற்பனையல்ல. ஆனாலும் எண்ணெய் ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆலைகள் வங்காளத்துச் சணலைத் திமிங்கில எண்ணெயும் தண்ணீரும் விட்டுப் பதப்படுத்தித்தான் நூற்றன. பனிக்கடல் வேட்டையையும் நம் வயலையும் ஒரு சாக்கு கட்டிப்போட்டிருக்கிறது. அதனால் அந்த நாவலை ‘அயல்நாட்டு இருட்டு’ என்று ரசிக்க என்னால் முடியவில்லை.

மக்குவயருக்கு அநியாயம் செய்யக்கூடாது. பாக்ஸ்டரை உருவாக்கியவரும் அவர்தான். துருவக்கரடியைக் கொன்று அதன் வயிற்றுக்குள் புகுந்து சம்னர் உயிர் பிழைக்கும் பக்கங்கள் எளிதில் மறக்காது. என் புகார் அழுத்தம் எங்கே விழுகிறது என்பது பற்றி மட்டுமே. இந்த வழுக்கல் நமக்கும் நேர்ந்தது. ‘எரியும் பனிக்காட்டை’ அடியொற்றி 2013இல் பாலா எடுத்த ‘பரதேசி’யில் தடியடியும் கெண்டைக்கால் நரம்பை அறுப்பதும் திரையை நிறைத்தன. நாவலில் தொழிலாளிக்காக நிர்வாகத்தோடு மல்லுக்கட்டுகிற மருத்துவர் படத்தில் மதம் பரப்புகிறவராகச் சுருங்கினார். பார்வையாளர் அழுதார்கள், கணக்கை யாரும் கேட்கவில்லை. டேனியலின் நாவலிலும் மீட்பர் சாயலில் மருத்துவர் வருவது எனக்கு உறுத்தல்தான். நல்லவன் ஒருவன் வந்து தீர்ப்பதும் கெட்டவன் ஒருவன் வந்து கெடுப்பதும் ஒரே கதையாடலின் இரண்டு பக்கம். ஆனாலும் பற்று எப்படி வளர்கிறது என்பதை வரவுசெலவோடு காட்டியவர் அவர்.

குப்பனூருக்கு வருகிறேன். சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியாக ஏற்காடு ஏறும் இரண்டாவது மலைப்பாதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மேலே காப்பி வைத்தார் என்று கையேடுகளெல்லாம் சொல்லும், பறித்தவர்களைப் பற்றி அவற்றில் வரி இருக்காது. மேலே எஸ்டேட்டில் வெகுகாலம் பழம் பறித்துவிட்டு இறங்கிவந்த ஓர் ஆயாவுக்கு இந்தக் கப்பல் கதையை ஒரு சாயங்காலம் சொன்னேன். ட்ராக்ஸ் கட்டத்தில் அவர் அசரவில்லை. ‘அந்தமாரி ஆளுங்க எங்கியும் இருப்பாங்க கண்ணு’ என்று வெற்றிலையை மடித்தார். இன்சூரன்ஸ் விஷயம் வந்ததும் நிமிர்ந்தார்.

‘கப்பலு முழுகுனா பணம் மொதலாளிக்குங்கற. ஏறுனவங்களுக்கு என்ன கணக்கு?’

1854ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கப்பல் சட்டப்படி, கப்பல் உடைந்த நாள் வரைக்கும்தான் சம்பளம். தப்பித்துப் பனியில் கிடக்கும் நாட்களுக்கு ஒன்றும் கிடையாது. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோதும் பிழைத்த ஊழியர்களுக்கு அன்றோடு சம்பளம் நின்றது. இதை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்.

‘செக்ரோல்ல பேரை அடிச்சர்ற மாரியா?’ என்றார்.

‘அதே மாதிரிதான் ஆயா’ என்றேன்.